முதல் தூண்டில் வாங்குமுன்: ராடும் ரீலும் தேர்ந்தெடுக்கும் விதம்

ஆய்வுப் பணியின் நிமித்தம் நாம் டெல்டாக் கிராமங்களுக்குச் செல்லுங்கால், ஏடுகளைப் பார்த்து முடித்தபின் அங்கத்தினர்கள் பல விஷயங்களைப் பற்றி வினவுவதுண்டு. நெசவாளர் சங்கம் ஒன்றில் மூத்த அங்கத்தினர் ஒருவர் கேட்ட கேள்வி சற்றுப் புதுமையானது. "சார், பேரன் தூண்டில் போட ஆசைப்படுகிறான். மூங்கில் கம்பு வேண்டாமாம். ரீல் வைத்த ராடுதான் வேண்டுமாம். கடையில் போனால் நூறு விதம் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?" என்றார். அன்று சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறோம். கூலிப் பணத்தில் வாங்கும் பொருள் மூலையில் கிடக்கலாகாது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் இதைவிட முக்கியமானது. அதைப் பின்னர்க் கூறுவோம்.

நீரும் மீனும் முதலில்

கடைக்குச் செல்லுமுன் இரு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். எந்த நீரில் தூண்டில் போடப் போகிறோம்? எந்த மீனை எதிர்பார்க்கிறோம்? மதராஸ் மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் இந்தியத் தூண்டில் முறைகளைப் பற்றி 1873-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆயினும், குளத்துத் தூண்டிலுக்கெனத் தனியாக 1887-இல் மற்றொரு நூல் எழுத நேர்ந்தது. நீர் மாறினால் சாதனமும் மாறும் என்பதற்கு இதுவே சான்று.

வாய்க்காலில் கெண்டையும் கெளுத்தியும் கிடைக்கும். குளத்தில் விராலும், 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் உண்டு. மீன்குஞ்சு விட்டு வளர்க்கும் பெரிய குளங்களில் கட்லா, ரோகு முதலியவை கனமாக வளரும்.

பத்தடி அகலமுள்ள வாய்க்காலுக்கு ரீல் தேவையே இல்லை. நேரான மூங்கில் கம்பு, அதன் நீளத்திற்குத் தங்கூஸ் நரம்பு, சிறிய முள், ஈயக்குண்டு, நெட்டியிலோ தக்கைப்பூண்டுத் தண்டிலோ செய்த மிதப்பு, கொஞ்சம் மண்புழு ஆகியவை போதும். பேரன் முதலில் இதில் ஒரு பருவம் பழகுவது நல்லது. மீன் கடிப்பதை மிதப்பின் அசைவிலிருந்து அறியும் வித்தையை எந்த விலையுயர்ந்த ரீலும் கற்றுத்தராது.

கரையிலிருந்து எட்டிய தூரத்தில் மீன் நிற்கும்போதும், நரம்பு தாங்குவதற்கு மேல் இழுக்கும் மீனைப் பிடிக்கும்போதும்தான் ரீல் அவசியமாகிறது.

ரீல்: நெசவாளர் அறிந்த தத்துவமே

ரீல்களில் புதியவர் அறிய வேண்டிய வகை இரண்டு. ஒன்றில் நரம்பு சுற்றிய உருளை, வீசும்போது தானே சுழலும். மற்றொன்றில் உருளை சுழலாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பு வழியாக வளையம் வளையமாகக் கழன்று போகும். பின்னதையே கடைகளில் ஸ்பின்னிங் ரீல் என்கின்றனர்.

இவ்விரண்டின் பேதத்தை நெசவாளருக்கு விளக்க வேண்டியதில்லை. நாடாவுக்குள் இருக்கும் தார் சுழல்வதில்லை. ஊடை இழை அதன் நுனி வழியே கழன்று வருகிறது. ஸ்பின்னிங் ரீலும் அவ்வாறே. இது தற்செயலான ஒற்றுமையும் அன்று. இவ்வகை ரீலுக்கு 1905-இல் காப்புரிமை பெற்ற ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் என்பவர், இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரைச் சார்ந்த ஜவுளித் தொழிலதிபர். ஆலையில் நூல் கழலும் விதத்தைக் கண்டே இந்த யோசனை அவருக்குத் தோன்றியது என்பர்.

சுழலும் உருளையில், நரம்பு போகும் வேகத்தைவிட உருளை வேகமாக ஓடினால் பெருஞ்சிக்கு விழும். கட்டைவிரலால் அதை அடக்கப் பழக நாளாகும். ஆகவே முதல் ரீல் ஸ்பின்னிங் ரீலாகவே இருக்கட்டும். 2500 அல்லது 3000 என்று எண்ணிட்ட அளவு நம் குளங்களுக்குப் போதுமானது. உள்ளே எத்தனை பேரிங் உள்ளன என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார், எண்ணிக்கை தரமாகாது. கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். ஆட்டமோ கரகரப்போ இருந்தால் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

நரம்பை உருளையின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைவாகச் சுற்ற வேண்டும். தாரில் நூல் மிகுந்தால் சரிந்து சிக்குவதுபோல இங்கும் சிக்கும். குறைந்தால் நரம்பு விளிம்பில் உராய்ந்து தூரம் போகாது.

ராடு

நீளமான ராடே சிறந்தது என்பது தவறான எண்ணம். ஆறு முதல் ஏழடி நீளமும் நடுத்தர வலிமையும் உள்ள ராடு புதியவருக்கு ஏற்றது. எவ்வளவு வலிமையுள்ள நரம்பு, எவ்வளவு எடை வீசலாம் என்ற விவரம் கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கும். எழுதாத ராடை வாங்க வேண்டாம்.

கண்ணாடி இழையால் ஆனது சற்றுக் கனம்; ஆனால் முரட்டுக் கைகளைத் தாங்கும். கார்பன் இழை இலேசானது. ஆனால் கல்லில் மோதினால் பின்னர் எதிர்பாராத வேளையில் ஒடியும். முதல் ராடுக்குக் கண்ணாடி இழையே உகந்தது.

நரம்பு செல்லும் வளையங்களைச் சோதிக்கச் சிறிது பஞ்சு போதும். ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள். இழை பற்றினால் அங்கே கீறல் உண்டு. அச்சில் ஒரு பல் கெட்டாலும் பாவு இழை அறுவது போல, ஒரு வளையம் கெட்டாலும் நரம்பு அறும்.

நரம்பும் பிரேக்கும்

முதலில் 0.30 மில்லிமீட்டர் நைலான் நரம்பு போதும். அதன் உறையில் ஆறு கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். ரீலின் பிரேக் அதில் நான்கில் ஒரு பங்கில், அதாவது ஒன்றரைக் கிலோ இழுப்பில், நழுவத் தொடங்க வேண்டும். இதற்குத் தராசு வேண்டாம். ஒன்றரை லிட்டர் தண்ணீர் நிறைத்த பாட்டிலை நரம்பில் கட்டி, ரீலைக் கையில் பிடித்துத் தூக்குங்கள். பாட்டில் மெல்ல இறங்கத் தொடங்குமாறு பிரேக்கைத் திருகி வைத்தால் சரி. விரால் பாயும்போது நரம்பு அறாமல் காப்பது இந்த ஒரு திருகுதான். நாம் முதல் முறை தூண்டில் போட்டபோது பிரேக்கை இறுக்கி வைத்துவிட்டு, முள்ளையும் மீனையும் ஒருங்கே இழந்தோம். பிழை ரீலினுடையது அன்று, நம்முடையதே.

உயிருக்கு உரிய எச்சரிக்கை

தொடக்கத்தில் குறிப்பிட்ட முக்கியமான காரணம் இதுவே. ஒரு சிற்றூரில் இளைஞர் ஒருவர் பன்னிரண்டடிக் கார்பன் ராடை நிமிர்த்திப் பிடித்தவண்ணம் வரப்பில் நடந்து வந்தார். பம்புசெட்டுக்குச் செல்லும் மின்கம்பி அங்கே தாழ்ந்து தொங்கியது. வயலில் நின்ற விவசாயி ஒருவர் கூவித் தடுத்திராவிடில் என்னவாகியிருக்குமோ! கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான ராடு எதுவாயினும், கம்பிக்கு அருகே ஆபத்தே. வரப்பில் நடக்கும்போது ராடைக் கழற்றிப் படுக்கைவசமாக எடுத்துச் செல்லுங்கள். இடி மின்னல் வேளையில் கரையில் நிற்காதீர்கள்.

மதகு, கதவணை ஆகியவற்றின் அருகில் நின்று தூண்டில் போடுவதும் கூடாது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணையைக் கடந்து வரும் நாட்களில், நேற்று முழங்காலளவு இருந்த இடம் இன்று ஆளை இழுக்கும். பிள்ளைகளைத் தனியே அனுப்பலாகாது.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். பல குளங்களின் மீன் பாசி குத்தகைக்கு விடப்பட்டுள்ளது. சிலவற்றை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களே எடுத்துள்ளன. அவர்களுடைய அனுமதியின்றித் தூண்டில் போடுவது சக கூட்டுறவாளரின் உடைமையில் கை வைப்பதாகும். அறுந்த நரம்பைக் கரையில் எறியாதீர்கள். கொக்கின் காலிலும் நடவு நடும் பெண்களின் காலிலும் அது சுற்றும்.

முடிவாக, நாம் அந்த மூத்த அங்கத்தினருக்குக் கூறியது இதுதான். ஆர்வமுள்ள நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு ராடும் ரீலும் பொதுவில் வாங்கட்டும். பிள்ளைகள் முறைவைத்துப் பழகட்டும். ஒரு பருவம் கழிந்தும் எவனுடைய ஆர்வம் குன்றவில்லையோ அவனுக்குத் தனியாக வாங்கிக் கொடுக்கலாம். அவர் சிரித்துக்கொண்டே, "தூண்டிலுக்கும் சங்கமா, சார்?" என்றார். இருந்தால் என்ன? சிக்கனம் அதில்தானே தொடங்குகிறது!