ஆயில் விளக்கு சிமிட்டுகிறதா? அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பாதி விலைக்கு வந்தால் கை துறுதுறுக்கும். பெயின்டும் டயரும் கண்ணுக்குத் தெரியும். இன்ஜினுக்குள் இருக்கும் பேரிங் தெரியாது.

கிராங்க் ஷாஃப்டைக் கனெக்டிங் ராட் பிடிக்கும் இடத்தில் இருப்பது குண்டு பேரிங் அல்ல, அரைவட்டமான இரண்டு மெல்லிய தகடுகள். இரும்போடு இரும்பு உரசாமல் காப்பது நடுவே ஓடும் ஆயில் படலம்தான். ஆயில் குறைந்தாலோ, மாற்றாமல் இழுத்தடித்தாலோ, இன்ஜின் சூடேறும் முன்பே ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தாலோ பேரிங் தேயும். முற்றினால் ராட் உடைந்து பிளாக்கையே துளைத்துவிடும். 2007 முதல் 2013 வரை வந்த பி.எம்.டபிள்யூ எம்3-இன் வி8 இன்ஜின் இந்தத் தேய்மானத்துக்கே பேர்போனது.

வாங்கும் முன்

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று தட்டினால் திரும்பிவிடுங்கள். சத்தம் இல்லையென்றால், திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து காவிரிப் பாலம் வழியாக ஸ்ரீரங்கம் வரை நெரிசலில் ஓட்டுங்கள். நன்றாகச் சூடேறிய இன்ஜின் ஐடிலில் நிற்கும்போதுதான் தேய்ந்த பேரிங்கின் ஆயில் பிரஷர் இறங்கும். ஆயில் விளக்கு சிமிட்டும். மெக்கானிக்கிடம் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உலோகத் துகள் மின்னினால் அந்த வண்டி வேண்டாம்.

வாங்கிய பின்

ஆயிலைக் காலத்தில் மாற்றுங்கள்; கம்பெனி சொன்ன கிரேடையே ஊற்றுங்கள்; வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

ஏமாற்றப்பட்டால்

2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். வாங்கும்போதே அதைக் கேட்டுப் பாருங்கள். இன்ஜின் நிலையை எழுத்தில் வாங்குங்கள். குறையை மறைத்து விற்றிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. சென்னை வியாபாரியிடம் வாங்கியிருந்தாலும், ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவர் திருச்சியிலேயே வழக்குத் தொடரலாம். தனிநபரிடம் வாங்கியவருக்கு இந்தச் சட்டம் பொதுவாகக் கைகொடுக்காது. உரிமையியல் நீதிமன்றம்தான் வழி.

ஒன்றை மறக்காதீர்கள்: எழுத்தில் புகார் கொடுத்து, நிபுணரின் அறிக்கை பெறும் வரை இன்ஜினைப் பிரிக்க விடாதீர்கள். பிரித்துப் போட்ட இன்ஜின் உங்கள் பக்கம் சாட்சி சொல்லாது.