கோப்புப்பெயரும் விவரச்சீட்டும்

கைப்பேசியில் ஒரு பாடல் ஒலிக்கும்போது, அதன் தலைப்பும் பாடியவர் பெயரும் திரையில் தோன்றுகின்றன. சில பாடல்களுக்கு மட்டும் ‘பாடகர் அறியப்படவில்லை’ என்று வருகிறது. கோப்புப்பெயரில் பாடியவர் பெயர் தெளிவாக இருந்தும் இவ்வாறு வருவது ஏன்?

இசைக் கோப்பில் பெயர் இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. வெளியே தெரிவது கோப்புப்பெயர். கோப்பின் உள்ளே எழுதப்படுவது விவரச்சீட்டு. இதனைக் கணினித் துறையினர் ‘டேக்’ என்பர். இசைச் செயலிகள் பெரும்பாலும் உள்ளிருக்கும் சீட்டையே படிக்கின்றன. சீட்டு வெறுமையாக இருந்தால் பாடகர் பெயரும் தோன்றாது.

எம்.பி.3 கோப்புகளுக்கான இச்சீட்டை 1996ஆம் ஆண்டில் எரிக் கெம்ப் என்பவர் வகுத்தார். ‘ஐ.டி.3’ என்பது அதன் பெயர். கோப்பின் இறுதியில் 128 பைட்டுகள் அதற்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுள் தலைப்புக்கு உரியவை 30 மட்டுமே. இன்றைய யு.டி.எஃப்-8 குறிமுறையில் ‘க’ என்னும் ஓரெழுத்துக்கே 3 பைட்டுகள் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனியே 3 பைட்டுகள் வேண்டும். ஆகவே ‘தாலாட்டுப் பாடல்’ என்று எழுதத் தொடங்கினால், ‘தாலாட்டுப்’ என்பதோடு இடம் தீர்ந்துவிடும். 1998இல் வந்த இரண்டாம் வடிவம் இக்குறையை நீக்கியது. அது நீண்ட பெயர்களுக்கும் ஒருங்குறி எழுத்துகளுக்கும் இடமளித்தது.

நூறு கோப்புகளின் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தல் கடினம். ‘எம்பி3டேக்’ போன்ற மென்பொருள்கள் கோப்புப்பெயரைக் கொண்டே அவற்றை நிரப்புகின்றன. அதற்குப் பயனர் ‘பாடகர் - தலைப்பு’ என்பது போன்ற ஓர் அமைப்பைக் காட்ட வேண்டும். ‘எம். எஸ். சுப்புலட்சுமி - குறை ஒன்றும் இல்லை’ என்னும் கோப்புப்பெயரை மென்பொருள் இடைக்கோட்டில் பிரிக்கும். முற்பகுதியைப் பாடகர் கட்டத்திலும் பிற்பகுதியைத் தலைப்புக் கட்டத்திலும் இடும்.

ஆயினும் எது ஆள், எது பாட்டு என்பதை அம்மென்பொருள் அறியாது. கோப்புப்பெயர் முன்பின்னாக மாறியிருந்தால், ‘குறை ஒன்றும் இல்லை’ என்பவர் பாடகர் ஆகிவிடுவார்! எனவே முதலில் எல்லாக் கோப்புகளுக்கும் ஒரே முறையில் பெயரிட வேண்டும். பின்னர் ஓரிரு கோப்புகளில் சோதித்துப் பார்க்க வேண்டும். கோப்புப்பெயரில் இல்லாததையும் இம்முறையில் நிரப்ப இயலாது. அப்பாடலை இயற்றியவர் இராஜாஜி என்பதை மனிதர்தாம் எழுதிச் சேர்க்க வேண்டும்.

விடுமுறையில் ஊருக்குச் சென்ற சிறுமி ஒருத்தி, தன் ஆச்சி பாடிய தாலாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்கிறாள் எனக் கொள்வோம். பதிவுச் செயலி அன்றைய நாளையும் நேரத்தையும் எண்களாக்கிப் பெயரிடுகிறது. அவ்வெண்களிலிருந்து ஆச்சியின் பெயரைக் கண்டெடுக்க எந்த மென்பொருளாலும் இயலாது. ‘ஆச்சி’ என்று மட்டும் எழுதினாலும், யாருடைய ஆச்சி எனப் பிற்காலத்தில் கேட்போர் அறியார். அவருடைய இயற்பெயரையும் ஊரையும் அன்றே கேட்டு எழுதிவிட்டால், குரலோடு பெயரும் நிலைத்திருக்கும்.

சிந்தித்து விடையளிக்க

1. கோப்புப்பெயருக்கும் விவரச்சீட்டுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கோப்புப்பெயரின் வரிசை மாறினால் நேரும் பிழை யாது?
3. உங்கள் இல்லத்துப் பெரியவர் ஒருவர் பாடிய பாடலுக்கு விவரச்சீட்டு எழுதுக.