விண்மீனா? விண்கலமா? கடலோடிக்கு வழிகாட்டுவது எது?

கொங்கு நாட்டின் நடுவே, கடலுக்கு நெடுந்தொலைவில் அமைந்த ஊர் வெள்ளகோவில். இங்கிருந்துகொண்டு கடலில் வழியறியும் கலையைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், மரக்கலத்தால் பெயர் பெற்ற மரக்காயர்களைத் தன்னகத்தே கொண்டது நம் சமுதாயம். தரையிலும் கடலிலும் இருள் சூழ்ந்த வேளையில் விண்மீன்களைக் கொண்டு வழியறிவதை இறைவனின் அருட்கொடையாகத் திருக்குர்ஆன் (அல் அன்ஆம், 97ஆம் வசனம்) சுட்டுகின்றது. எனவே இது நமக்கு அந்நியமான பொருளன்று.

முன்னோர் கண்ட முறை

பதினைந்தாம் நூற்றாண்டில், இன்றைய ராசல்கைமாவை அடுத்த ஜுல்ஃபாரில் தோன்றிய அஹ்மத் இப்னு மாஜித், கடற்கலை பற்றிப் பல நூல்களை யாத்த பெருமாலுமி. அவர் காலத்து அரபு மாலுமிகள் 'கமால்' என்னும் எளிய கருவியைப் பயன்படுத்தினர். நம் பகுதி மாலுமிகள் அதனை 'இராப்பலகை' என்றனர். சிறிய மரப்பலகை ஒன்று. அதன் நடுவே முடிச்சுகள் இட்ட கயிறு. கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ விண்மீனையும் தொடுமாறு பிடிக்க வேண்டும். எந்த முடிச்சில் அது பொருந்துகின்றதோ, அதுவே விண்மீனின் உயரத்தைக் காட்டும்.

துருவ விண்மீனின் உயரமே ஏறத்தாழ அவ்விடத்தின் அகலாங்காகும். சென்னையில் அது 13 பாகை; நம் வெள்ளகோவிலில் 11; தூத்துக்குடியில் 9. சேர வேண்டிய துறைமுகத்தின் உயரத்திற்கு விண்மீன் வந்ததும், அதே உயரம் மாறாமல் கிழக்கோ மேற்கோ நோக்கிச் செலுத்தினால் கரை கிட்டும். ஆயினும் இதற்கும் எல்லை உண்டு. வானம் மூடினால் விண்மீன் தெரியாது. கிழக்கு மேற்காக எவ்வளவு தொலைவு வந்துள்ளோம் என்பதையும் பலகை சொல்லாது. அக்குறையை ஆழம் பார்க்கும் ஈயக்குண்டும், நீரின் நிறமும், கரையடையாளங்களும் ஈடு செய்தன. 131 அடி உயர நாகூர்ப் பெரிய மினாரா அத்தகைய கரையடையாளங்களுள் ஒன்று.

புதிய கருவியின் வரவு

அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பு 1995-ல் முழுமையாக இயங்கத் தொடங்கியது. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குறைத்துத் தரப்பட்ட துல்லியம் 2000ஆம் ஆண்டு மே மாதம் முழுமையாக விடப்பட்டது. இன்று நம் கடற்கரையில் பல நாட்டுப்படகுகளிலும் இக்கருவி உண்டு. 1974, 1976ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய இலங்கைக் கடல் எல்லை நீரின்மேல் வரையப்பட்ட கோடன்று. இரவில் அதனைக் கண்ணால் அறிய முடியாது. கருவியே சொல்ல வேண்டும். அது பழுதானால், எல்லை கடந்து கைதாகும் இடர் மீனவர் தலையில் விழுகின்றது.

பழுதுறுவது படகிலுள்ள கருவி மட்டுமன்று. நம் நாட்டின் 'நாவிக்' அமைப்பைச் சேர்ந்த முதல் செயற்கைக்கோள் 2013-ல் ஏவப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அதன் மூன்று அணுக்கடிகாரங்களும் செயலிழந்தன. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி தான் கைவிட்டிருந்த விண்மீன் வழியறியும் பாடத்தை 2015-ல் மீண்டும் தொடங்கியதற்கும் இத்தகைய அச்சமே காரணம்.

இரு நிகழ்ச்சிகள், இரு பாடங்கள்

2017 நவம்பர் இறுதியில் ஓக்கிப் புயல் குமரிக்கடலைத் தாக்கியது. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடித்த குமரி மாவட்ட மீனவர் பலர் மீளவில்லை. படகு நிற்கும் இடத்தைச் சொல்லும் கருவி, வருகின்ற புயலைச் சொல்லாது. கரையின் எச்சரிக்கை எட்டாத தொலைவில் அவர்கள் இருந்தனர். அதன்பின், செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கை பெறும் 'ஜெமினி' கருவி 2019-ல் அறிமுகமானது. அதுவும் செய்தியைப் பெறுமே அன்றி அனுப்பாது. இருவழிச் செய்திக்கான டிரான்ஸ்பாண்டர்கள் பின்னர் வந்தன.

மற்றொன்று, இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் வரலாறு. 2018-ல் அவர் 'துரியா' என்னும் சிறு பாய்ப்படகில் தனியே உலகைச் சுற்றும் போட்டியில் இறங்கினார். செயற்கைக்கோள் வழிகாட்டி இன்றிப் பழைய கருவிகளால் மட்டுமே வழியறிய வேண்டும் என்பது விதி. செப்டம்பரில் தென்னிந்தியப் பெருங்கடலில் புயல் பாய்மரத்தை முறித்தது. அவருடைய முதுகெலும்பும் காயமுற்றது. மூன்று நாட்களுக்குப் பின் பிரெஞ்சுக் கப்பலொன்று அவரை மீட்டது. அதுவரை அவர் இருப்பிடத்தைக் கரைக்கு உணர்த்தியது செயற்கைக்கோளே. பழங்கலையில் தேர்ந்தவரையும் புதுக்கருவி காத்தது. அவரே 2023-ல் அதே போட்டியில் இரண்டாமிடம் பெற்றார்.

செய்ய வேண்டுவன

ஆகவே ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுவது அறிவுடைமையன்று. சிறு படகில் செல்வோர் தனி பேட்டரியோடு கூடிய இரண்டாவது கருவி ஒன்றை நீர் புகாத உறையில் வைத்திருக்க வேண்டும். திசைகாட்டியை எஞ்சின் இரும்புக்கும் ஒலிபெருக்கியின் காந்தத்துக்கும் அருகில் வைத்தல் கூடாது. மணிக்கொருமுறை இருப்பிடம், திசை, வேகம் ஆகியவற்றை ஏட்டில் குறிக்க வேண்டும். கருவி நின்றுபோனாலும், 5 கடல் மைல் வேகத்தில் 3 மணி நேரம் சென்றிருந்தால் 15 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 28 கிலோமீட்டர் கடந்துள்ளோம் என்று கணக்கிட அந்த ஏடு உதவும். புறப்படுமுன் போகும் திசையையும் திரும்பும் நாளையும் கரையில் ஒருவரிடம் சொல்லிச் செல்வது எல்லாவற்றிலும் எளிய காப்பு.

கரையிலுள்ள நமக்கும் இதில் படிப்பினை உண்டு. கிப்லாவைக் கைப்பேசியில் பார்க்கும் வழக்கம் பெருகிவிட்டது. இரும்புக் கட்டிலருகே அக்கருவியின் முள் தடுமாறும். ஆண்டுதோறும் மே 28 பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16 பிற்பகல் 2.57 மணிக்கும் (லீப் ஆண்டில் ஒரு நாள் முன்னதாக) கதிரவன் கஃபாவின் நேர் உச்சியில் நிற்கின்றது. அவ்வேளையில் முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டால், நிழலுக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. நம் பகுதியில் அது மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 21 பாகை. பிள்ளைகளை அழைத்து ஒருமுறை இதனைச் செய்து காட்டுங்கள். கருவியை நம்பலாம், அதனைச் சரிபார்க்கும் அறிவும் அவர்களுக்கு வாய்க்கட்டும்.