நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் கிரிவலம் செல்லலாமா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். நலமாக உள்ள ஒருவர் இதனை நடந்து முடிக்க நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். பௌர்ணமி நாள்களின் கூட்டத்தில் இன்னும் கூடுதலாகும். தமிழ்நாடு அரசு 2023-ஆம் ஆண்டு மாவட்டந்தோறும் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் நடைபாதை 8 கிலோமீட்டர். கிரிவலம் அதனைவிட ஏறத்தாழ இரு மடங்கு தொலைவு. பெரும்பாலும் வெறுங்காலுடன் நடக்கப்படுவது.

வேங்கிக்கால் போன்ற சுற்றுப்புற ஊர்களில் வாழ்வோர் பலருக்குக் கிரிவலம் மாதந்தோறும் தவறாத வழக்கம். நாள்பட்ட நோய் உள்ளது என்பதாலேயே அதனைக் கைவிட வேண்டியதில்லை. நடைப்பயிற்சி இந்நோய்களுக்கு நன்மையே தரும். ஆயினும் நேரம், பாதம், மருந்து, நீர் ஆகிய நான்கையும் உங்கள் நோய்க்கு ஏற்ப முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். வேண்டுதல் இருந்தால் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள். அதற்கேற்ற வழியைச் சேர்ந்து திட்டமிடலாம்.

யார் தள்ளிவைக்க வேண்டும்?

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று இருப்பினும், மருத்துவரைக் காணும் வரை நடைக்கிரிவலத்தைத் தள்ளிவையுங்கள்.

• பாதத்தில் ஆறாத புண், கொப்புளம் அல்லது வெடிப்பில் சீழ்
• காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு
• நடக்கும்போது நெஞ்சில் வலி, இறுக்கம் அல்லது ஒரு மாடி ஏறினாலே மூச்சிரைப்பு
• புதிதாகத் தோன்றிய கால் வீக்கம்
• அண்மையில் மாரடைப்பு, ஸ்டென்ட் சிகிச்சை அல்லது பக்கவாதம் ஏற்பட்டு, நீண்ட நடைக்கு மருத்துவரின் அனுமதி இன்னும் பெறாத நிலை

மற்றவர்கள், சில வாரங்களுக்கு முன்பிருந்தே நாள்தோறும் நடந்து பழகிக்கொள்ள வேண்டும். 5 கிலோமீட்டரைத் தொல்லையின்றி நடக்க இயலாதவர் 14 கிலோமீட்டரை ஒரே மூச்சில் முயலக் கூடாது.

நேரத்தைத் தேர்ந்தெடுத்தல்

வெயில் ஏறியபின் தார்ச்சாலை, காற்றைவிட மிகவும் சூடாகிறது. ஆகவே அதிகாலை 4 மணிக்குத் தொடங்கி 9 மணிக்குள் முடிப்பது அல்லது வெயில் தணிந்தபின் மாலையில் தொடங்குவது நலம். கத்திரி வெயில் காலத்தில் பகலில் நடக்கவே வேண்டாம். இதய நோயாளிகளும் முதியவர்களும் பௌர்ணமி அல்லாத நாளைத் தேர்ந்தெடுத்தால், கூட்டமின்றித் தங்கள் வேகத்தில் நடக்கலாம். தேவைப்பட்டால் ஆம்புலன்ஸும் விரைவாக வந்து சேரும்.

முழுச் சுற்றையும் ஒரே நாளில் நடந்தாக வேண்டும் என எண்ண வேண்டாம். செங்கம் சாலையிலிருந்து கிரிவலப் பாதை பிரியும் இடத்தில் ஒரு முறையும், மலையின் மறுபுறமுள்ள ஆதி அண்ணாமலையில் ஒரு முறையும் அமர்ந்து, உடல்நிலையைக் கவனித்து முடிவெடுங்கள். களைப்பு மிகுந்தால் எஞ்சிய தொலைவை ஆட்டோவில் கடக்கலாம். வேறொரு நாளில் நடந்து நிறைவு செய்யலாம்.

நீரிழிவு நோயாளிகளின் பாதம்

நீண்டகால நீரிழிவு, பாதத்தின் நரம்புகளைப் பாதிக்கிறது. அதனால் சூடும் வலியும் தெரிவதில்லை. சாலை சுடும்போது மற்றவர்கள் காலை எடுத்துவிடுவார்கள். உணர்ச்சி குறைந்தவரோ தொடர்ந்து நடப்பார். பௌர்ணமி முடிந்து சில நாள்களில் புறநோயாளர் பிரிவுக்கு உள்ளங்காலில் கொப்புளத்துடன் வருவோர் பலர், "வலியே இல்லையே" என்றுதான் கூறுகின்றனர். வலி இல்லாமை இங்கு நற்செய்தி அன்று. அதுவே ஆபத்தின் அடையாளம். அத்தகைய புண் கவனிக்கப்படாவிட்டால் விரலையோ காலையோ அகற்றும் நிலை வரை செல்லக்கூடும்.

• உங்கள் பாதத்தில் உணர்ச்சி உள்ளதா என்பதை மருத்துவமனையில் சோதித்துக்கொள்ளுங்கள். குறைந்திருந்தால் வெறுங்காலுடன் நடக்கக் கூடாது. எம்.சி.ஆர். காலணி அணிந்து நடந்து, லிங்கச் சன்னிதிகளின் வாயிலில் மட்டும் கழற்றிக்கொள்ளலாம்.
• புதுச் செருப்பை அன்று முதன்முறையாக அணிய வேண்டாம்.
• வீடு திரும்பியதும் பாதத்தைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலை வேறொருவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள்.
• கொப்புளத்தை உடைக்கவோ, அதன்மேல் பற்பசை, மஞ்சள், சாம்பல் பூசவோ கூடாது. சுத்தமான துணியால் மூடி, மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள்.

மருந்தும் உணவும்

இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றைப் பயன்படுத்துவோருக்கு நீண்ட நடையால் சர்க்கரை அளவு திடீரெனக் குறையலாம். விரதம் இருந்து நடப்பது இவர்களுக்கு ஆபத்தானது. அன்றைய மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

நடுக்கம், வியர்வை, கடும்பசி, தடுமாற்றம், பொருத்தமற்ற பேச்சு ஆகியவை சர்க்கரை குறைவின் அறிகுறிகள். உடனே அமர்ந்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் குறையாவிட்டால் மீண்டும் அதே அளவு குடியுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நடை முடிந்து பல மணி நேரம் கழித்து, இரவில்கூடச் சர்க்கரை குறையலாம். எனவே இரவு உணவைத் தவிர்க்காதீர்கள்.

தாகம் எடுக்கும் வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்துங்கள். ஆனால் இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்காக நீரளவு வரையறுக்கப்பட்டவர்கள் மருத்துவர் கூறும் அளவையே பின்பற்ற வேண்டும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளிகள் அதனைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மாத்திரை உட்கொள்வோருக்கு வெப்பத்தில் மயக்கம் வரக்கூடும். அதுபற்றி முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

நடக்கும்போது முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிறதா எனப் பாருங்கள். முடியாவிட்டால் வேகம் மிகுதி. கீழ்க்கண்டவை தோன்றினால் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என நடக்க வேண்டாம்.

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை: அமருங்கள், 108-ஐ அழையுங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் கீழ், மாரடைப்புக்கான முதல்கட்ட மருந்துகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வழங்கப்படுகின்றன.

கடும் உடற்சூடு, குழப்பம், வலிப்பு: இது வெப்பத்தாக்கு. வியர்த்துக்கொண்டிருந்தாலும் இது ஏற்படலாம். 108-ஐ அழைத்துவிட்டு நிழலில் படுக்கவைத்து, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறுங்கள். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது.

முகம் கோணல், கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல்: இது பக்கவாதமாக இருக்கலாம். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மலை ஏறுதல் வேறு

அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. பாதையில் நடப்பதையும் மலை ஏறுவதையும் ஒன்றாகக் கருத வேண்டாம். மேலே ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் செல்ல வழியில்லை. தூக்கித்தான் இறக்க வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையில் இம்மலைச் சரிவில் ஏற்பட்ட மண்சரிவில் ஏழு பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு கார்த்திகை தீபத்தின்போது பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தடை உள்ளபோது ஏறாதீர்கள். செங்குத்தான பர்வதமலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இதய நோயாளிகள் அங்கு ஏறுவதைத் தவிர்ப்பதே நல்லது.

உடன் செல்வோர் கவனத்திற்கு

நோயாளியைத் தனியே அனுப்பாதீர்கள். அவருடைய பெயர், நோய், மருந்துகள், உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிய தாள் அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். சர்க்கரை, பிஸ்கட், குடிநீர், அன்றைய மாத்திரைகள், குளுக்கோமீட்டர் ஆகியவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் வாகனத்தில் விட்டுச் செல்ல வேண்டாம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்குச் சந்திப்பது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஐயம் இருப்பின் 104 மருத்துவ உதவி எண்ணிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆலோசனை பெறலாம். இத்தகவல்கள் பொதுவான வழிகாட்டுதலே. உங்கள் மருத்துவரின் அறிவுரையே இறுதியானது.