பல பெற்றோர் கொண்ட இணைப்பு
(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)

மூன்று புரிகளைச் சேர்த்து நாம் நாள்தோறும் சடை பின்னிக்கொள்கிறோம். கணினி நிரல் எழுதுவோரும் பலர் தனித்தனியே செய்த வேலையை இவ்வாறே ஒன்றாகச் சேர்க்கின்றனர். அதற்கு உதவும் மென்பொருள்களுள் ஒன்று 'கிட்'. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை 2005-ஆம் ஆண்டில் படைத்தார்.

நாம் சேமிக்கும் ஒவ்வொரு பதிவிலும், அதற்கு முந்திய பதிவு எது என்பதையும் கிட் குறித்துவைக்கிறது. அந்த முந்திய பதிவே அதன் 'பெற்றோர்'. இரு கிளைகளை இணைத்தால் பொதுவாகப் பெற்றோர் இருவர். இருவருக்கு மேற்பட்டால் அந்த இணைப்புக்கு 'ஆக்டோபஸ்' என்று பெயர்! கிளைகளின் மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதினால் ஆக்டோபஸ் இணைப்பு நடவாது.

இந்த வரலாற்றைத் திரையில் படமாகவும் காணலாம். படம் என்றால் ஓவியம் அன்று. வெறும் தட்டச்சுக் குறிகளே. ஒவ்வொரு பதிவும் ஒரு நட்சத்திரக் குறி, கிளைகள் நெடுங்கோடுகள். பெற்றோர் மூவர் என்றால் நட்சத்திரத்தை அடுத்து ஒரு சிறுகோடும் புள்ளியும் வரும். பெற்றோர் ஒருவர் கூடினால் சிறுகோடு இரண்டு கூடும்.

அண்ணனின் கணினியில் இதைச் சோதித்தேன். முதன்மைக் கிளையிலிருந்து மூன்று கிளைகள் பிரித்து, ஒன்றில் கதை, ஒன்றில் கவிதை, ஒன்றில் சமையற்குறிப்பு வைத்தேன். பிறகு மூன்றையும் முதன்மைக் கிளையில் ஒரே கட்டளையால் இணைத்தேன். முதன்மைக் கிளையையும் சேர்த்துப் பெற்றோர் நால்வர், ஆகவே சிறுகோடுகள் மூன்று என்று எதிர்பார்த்தேன். வந்ததோ ஒன்றுதான்! படம் தவறு என்றே எண்ணினேன். பதிவையே திறந்து பார்த்தபோது அதிலும் பெற்றோர் மூவரே இருந்தனர். பிரிந்த பிறகு முதன்மைக் கிளையில் நான் ஒன்றுமே எழுதவில்லை. ஆதலால் கிட் அதைத் தனிப் பெற்றோராகக் கொள்ளவில்லை. மறுமுறை அதிலும் ஒரு வரி சேர்த்தபின் இணைத்தேன். மூன்று சிறுகோடுகள் வந்தன.

கிட்டை வளர்ப்போரும் இப்படியே சோதிக்கின்றனர். வரவேண்டிய படத்தை முன்னதாக எழுதிவைத்து, வந்த படத்தோடு குறிக்குக் குறி ஒப்பிடுகின்றனர். ஆக்டோபஸ் படத்தில் சில சிறுகோடுகள் தவறான நிறம் பெற்று வந்த பிழையை 2018-இல் திருத்தினர். நிறம் மாறினால் ஒருவரது கிளையை இன்னொருவரது என்று நினைத்துவிடுவோமே!

2014-இல் லினக்ஸில் 66 பெற்றோர் கொண்ட ஓர் இணைப்பு வந்தது. இது ஆக்டோபஸ் அன்று, கதையில் வரும் பூதம் என்று டோர்வால்ட்ஸ் கேலி செய்தாராம். என் கணக்குப்படி அதற்கு 127 சிறுகோடுகள் வேண்டும். 80 எழுத்து அகலமுள்ள திரையில் அது ஒரே வரியில் அடங்காது.