பாப்பாவுக்குப் பிடித்த ஐந்து பொருள்கள்

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். தெருக்கள் குறுகலானவை. பல வீடுகளில் ஒரே அறைதான். அங்கேயே சமையல். அங்கேயே படுக்கை.

அங்கே எங்கள் வகுப்புக்கு ஒரு அக்கா வருகிறார். அவருக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. பாப்பா இப்போது ஓடத் தொடங்கிவிட்டாள்.

அக்கா விடியும் முன்பே எழுந்துவிடுவார். குழாயில் சில மணி நேரம்தான் தண்ணீர் வரும். டிரம், வாளி, குடம் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். பிறகு சமையல். பிறகு துணி துவைக்கும் வேலை. மதியம் வீட்டிலேயே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைப்பார். ஒரு சட்டைக்கு இவ்வளவு என்று கூலி. இத்தனைக்கும் நடுவில் பாப்பாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் அக்கா என்னிடம் வருத்தப்பட்டார்.

"டீச்சர், என் பிள்ளைக்கு ஒரு பொம்மைகூட வாங்கித் தர முடியலே. பக்கத்து வீட்டில் செல்போனைக் கொடுத்து உட்கார வைக்கிறாங்க. நானும் அப்படிச் செய்யட்டுமா?"

"பாப்பாவுக்கு என்னென்ன பிடிக்கும், அக்கா?" என்று கேட்டேன்.

அக்கா விரல் விட்டு எண்ணினார். "பாத்திர மூடி. கரண்டி. காலி டப்பா. என் பழைய சேலை. அப்புறம் தண்ணி வாளி. இதைவிட்டா வேறே எதுவும் வேண்டாம் அவளுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்த ஐந்து சொற்களையும் கரும்பலகையில் எழுதினேன். அன்றைக்கு அதுவே எங்கள் பாடம்.

விளையாட்டே படிப்பு

மூடியைக் கரண்டியால் தட்டினால் சத்தம் வருகிறது. 'நான் தட்டினேன், அதனால் சத்தம் வந்தது' என்று குழந்தை தெரிந்துகொள்கிறது. கைக்கும் பலம் வருகிறது.

டப்பாவில் உருளைக்கிழங்கைப் போடுகிறது. வெளியே எடுக்கிறது. மறுபடியும் போடுகிறது. உள்ளே எது, வெளியே எது, பெரியது எது, சிறியது எது என்று இப்படித்தான் புரிகிறது.

சேலையால் முகத்தை மூடி, "அம்மா எங்கே?" என்று கேளுங்கள். விலக்கி, "இதோ!" என்று சொல்லுங்கள். குழந்தை சிரிக்கும். கண்ணுக்குத் தெரியாத அம்மா திரும்பி வருவாள் என்ற நம்பிக்கை அதற்கு உண்டாகிறது.

இதற்கெல்லாம் காசு வேண்டாம். தனியாக நேரமும் வேண்டாம். வேலை செய்துகொண்டே பேசினால் போதும். "இது வெங்காயம். இது அப்பா சட்டை. சட்டை நீலம்" என்று சொல்லுங்கள். குழந்தை மழலையில் ஏதாவது சொன்னால் பதில் சொல்லுங்கள். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பேச்சு வரும். இரண்டு வயதில் பெரும்பாலான குழந்தைகள் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசும். அப்படிப் பேசாவிட்டால் அங்கன்வாடியிலோ மருத்துவரிடமோ கேளுங்கள்.

செல்போன் பாட்டுப் பாடும். ஆனால் குழந்தை பேசினால் பதில் சொல்லாது. ஒரு வயதுக் குழந்தையைத் திரைக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் கூறியிருக்கிறது.

ஐந்தாவது பொருள்

அதற்குப் பிறகு பத்து நாள் அக்கா வகுப்புக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். பாப்பா இடுப்பில் இருந்தாள். அக்கா அவளைக் கீழே இறக்கவே இல்லை.

"அடுப்பில் பால் பொங்கிச்சு, டீச்சர். அணைச்சுட்டுத் திரும்பினேன். பிள்ளை வாளிக்குள்ளே தலைகீழா இருக்கா. காலு ரெண்டும் மேலே. ஒரு சத்தமும் இல்லே. ஓடிப் போய்த் தூக்கிட்டேன்."

பாப்பா பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஏன் சத்தம் வரவில்லை?

இந்த வயதில் குழந்தைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்க்கும்போது தலை கீழே இழுத்துவிடும். திரும்ப எழக் கைக்குப் பலம் போதாது. முகம் தண்ணீரில் இருப்பதால் அழவும் முடியாது. இரண்டு மூன்று அங்குலத் தண்ணீரே ஆபத்துதான். சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

ஆகையால் இவற்றைச் செய்யுங்கள்:

தண்ணீர் டிரம்மையும் வாளியையும் இறுக்கமாக மூடுங்கள். கொசுவும் முட்டையிடாது.

காலி வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

மண்ணெண்ணெய், மருந்து, கத்தரிக்கோல் ஆகியவற்றை உயரத்தில் வையுங்கள்.

பட்டன், காசு, முழு வேர்க்கடலை ஆகியவை தொண்டையில் அடைக்கும். குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது.

தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் குழந்தையை இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"இன்னொருவர் யார்?" என்று அக்கா கேட்டார். கணவர் பக்கத்தில்தான் இருந்தார். கொஞ்ச நேரம் அவர் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "காலையில் நான் வெச்சிருக்கேன். சாயங்காலமும் வெச்சிருக்கேன். நீ வகுப்புக்குப் போ" என்றார்.

அம்மாவுக்குப் பிடித்தது

மறுநாள் அக்கா வகுப்புக்கு வந்தார். "உங்களுக்குப் பிடித்த பொருள் எது, அக்கா?" என்று கேட்டேன்.

அவர் வெகு நேரம் யோசித்தார். "என்கிட்டே யாரும் இப்படிக் கேட்டதே இல்லையே" என்றார். பிறகு தன் நோட்டை எடுத்து, தானே எழுதினார்:

'சூடான டீ. இந்த நோட்டு. பாப்பா தூங்கும் நேரம்.'

எழுத்து கொஞ்சம் கோணல். ஆனால் ஒரு பிழையும் இல்லை.

பேசுவோம்

உங்கள் வீட்டுக் குழந்தைக்குப் பிடித்த ஐந்து பொருள்கள் எவை? எழுதுங்கள்.

அவற்றில் ஆபத்தானது எது? அதை எங்கே வைப்பீர்கள்?

வேலை நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

உங்களுக்குப் பிடித்தது எது? அதையும் எழுதுங்கள்.