ரன் (ஆங்கில வினைச்சொல்)

ரன் என்பது ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயன்படும் வினைச்சொற்களுள் ஒன்றாகும். ஆக்சுபோர்டு ஆங்கில அகராதி இதற்கு 600க்கும் மேற்பட்ட பொருள்களைத் தருகின்றது. ஆங்கிலம் கற்கும் சீன மாணவர்கள் இதனைக் காலால் ஓடுதலைக் குறிக்கும் 'பாவ்' என்னும் சீனச் சொல்லுக்கு ஈடாகவே பெரும்பாலும் முதலில் மனனம் செய்கின்றனர். சிக்கல் அங்கேயே தொடங்குகின்றது.

ஆங்கிலத்தில் 'ரன்' ஒன்றே போதுமான பல இடங்களில் சீன மொழி வெவ்வேறு சொற்களைக் கையாளுகின்றது. நீர் ஓடுவது 'லியூ'. நிறுவனத்தை நடத்துவது 'ஜிங்யிங்'. தேர்தலில் போட்டியிடுவது 'ஜிங்சுவான்'. துணியின் சாயம் போவது 'துய்சே'. ஒருவர் மேயர் பதவிக்கு 'ரன்' செய்கிறார் என்னும் செய்தியைப் படிக்கும் தொடக்கநிலை மாணவர், அவர் மேயருக்காக எங்கோ ஓடுவதாகப் பொருள் கொள்ளக்கூடும். பின்னொட்டாக வரும் சிறுசொற்களும் பொருளை மாற்றுகின்றன: 'ரன் அவுட் ஆஃப்' தீர்ந்துபோதல், 'ரன் இன்டூ' எதிர்பாராமல் சந்தித்தல்.

இதனால் 'பாவ்' குறுகிய பொருளுடையது என்று கருதிவிடக் கூடாது. டயரிலிருந்து காற்று கசிவதையும், பாடுபவர் சுருதி விலகுவதையும், கட்டுரை தலைப்பை விட்டு விலகுவதையும் சீனர் 'பாவ்' சேர்த்தே சொல்வர். இவ்விடங்களில் ஆங்கிலத்தில் 'ரன்' பொருந்தாது. இரு சொற்களும் எதிர்பாராமல் ஒன்றுசேரும் இடம் கணினித்துறை. நிரலை இயக்குவதற்குச் சீன எழுத்து வழக்கில் 'யுன்சிங்' என்ற சொல் உண்டு. எனினும் சீன நிரலாளர்கள் பேச்சில் 'பாவ்' என்பதையே பரவலாகப் பயன்படுத்துகின்றனர்.